11 பேரும் முடித்தால்தான் பணம் என்ற பேச்சை முதலில் மாற்றுங்கள்

கேள்வி: அக்கா, நான் நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பொங்கல் முடிந்து வரும் சனி, ஞாயிறில் கன்னியாகுமரியிலிருந்து மதுரைக்கு நடக்கும் ஒரு சைக்கிள் போட்டியில் நான் கேப்டனாக இருக்கும் எங்கள் அணி பெயர் கொடுத்திருக்கிறது. சுமார் 245 கிலோமீட்டர். சனி இரவு கோவில்பட்டியில் தங்கல். நாங்கள் 11 பேர், அதில் 4 பேர் பெண்கள். சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போய்வரும் நம் மாவட்டத்து ஏழை நோயாளிகளின் பயணச் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் பணம் திரட்டத்தான் ஓட்டுகிறோம். இன்னும் 13 வாரம் இருக்கிறது. இதுவரை ஓட்டிய அதிக தூரம் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பியதுதான். அதற்கே மூன்று பேருக்கு முட்டி வலி, எனக்கு விரல்கள் மரத்துப்போயின. வெறும் வயிற்றில் ஓட்டிப் பழகினால்தான் தாக்குப்பிடிக்க முடியும், தண்ணீரும் அதிகம் குடிக்கக்கூடாது என்கிறார் ஒரு சீனியர். அணியில் ஒரு பையனுக்கு ஆஸ்துமா உண்டு. பெரிய தொகை தருவதாகச் சொன்ன கடைக்காரர் ஒருவர், 11 பேரும் மதுரை போய்ச் சேர்ந்தால்தான் தருவேன் என்கிறார். எங்களால் முடியுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முடியும். ஒழுங்காக ஓட்டினால் 13 வாரம் போதும். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தபோது, முட்டி வலியைவிட அந்தக் கடைக்காரர் சொன்ன பேச்சுதான் எனக்குக் கவலையைத் தந்தது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

11 பேரும் சேர்ந்தால்தான் பணம் என்றால் என்ன ஆகும்? இரண்டாம் நாள், சாத்தூர் தாண்டி உச்சி வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களில் ஒருவருக்குத் தலை சுற்றுகிறது. அவர் நின்றால் நோயாளிகளுக்குப் போகவேண்டிய பணம் போய்விடும். அதனால் அவர் நிற்க மாட்டார், பக்கத்தில் வருபவரிடம் சொல்லவும் மாட்டார். நல்ல மனசு உள்ள பிள்ளைகள்தான் இப்படி மறைப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு இதேபோல ஒரு ஓட்டத்துக்கு நான் முதலுதவி வண்டியில் போயிருந்தேன். அங்கேயும் இதே நிபந்தனை. 19 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் நாள் மாலையிலேயே முட்டி வீங்கிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி இரவு ஒன்று, காலையில் இரண்டு போட்டிருக்கிறான். மறுநாள் பதினோரு மணி வாக்கில் அவன் சைக்கிள் ரோட்டில் அங்குமிங்கும் ஆடியது. நிறுத்திப் பெயர் கேட்டேன்; ஊர்ப் பெயரைச் சொன்னான். வெயில் தாக்கி மூளை குழம்பிவிட்டதற்கு அது அடையாளம். நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, பக்கத்து சர்பத் கடையிலிருந்து ஐஸ் வாங்கி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறினோம். 108 வரும்வரை அதை விடவில்லை. பிழைத்துக்கொண்டான். ஆனால் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்தான். உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் வலி மாத்திரை சிறுநீரகத்தைத்தான் முதலில் கெடுக்கும். அதற்குப் பிறகு முட்டிக்காக ஆறு மாதம் பிசியோவான என்னிடம் வந்தான். "நான் நின்னா எல்லாருக்கும் போயிருக்கும்லா அக்கா" என்று வரும்போதெல்லாம் சொல்வான். அவன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அந்த நிபந்தனையை வைத்த பெரியவர்கள்மேல் இன்னமும் இருக்கிறது.

அதனால் இந்த வாரமே அந்தக் கடைக்காரரை மறுபடி போய்ப் பாருங்கள். மரியாதையாகப் பேசுங்கள், அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கேளுங்கள். 11 பேர் 245 கிலோமீட்டர் ஓட்டினால் மொத்தம் 2,695 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 10 ரூபாய் என்றால் 26,950 ரூபாய். ஒருவர் விருதுநகரிலேயே நின்றுவிட்டால் குறைவது ஏறக்குறைய 50 கிலோமீட்டர், அதாவது 500 ரூபாய். அந்த 500 ரூபாயை உங்கள் வகுப்பிலேயே ஒரு மதிய நேரத்தில் திரட்டிவிடலாம். பயிற்சியில் ஓட்டும் தூரத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்லிப் பாருங்கள், சேர்த்தால் இன்னும் நல்லது. எதற்கும் அவர் இறங்கி வரவில்லையென்றால், நன்றி சொல்லிவிட்டு அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கஷ்டம்தான், தெரியும். ஆனாலும் சொல்லுங்கள். திரட்டும் பணத்தை உங்கள் கையில் வைத்திருக்காமல், பதிவு பெற்ற ஓர் அறக்கட்டளையின் கணக்கில் நேராகப் போடச் செய்து, கொடுத்தவருக்கு அவர்களிடமிருந்தே ரசீது வாங்கிக் கொடுங்கள்.

அணிக்குள்ளும் இதை நடைமுறையாக்குங்கள். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே நிற்கலாம். நின்றவர் பின்னால் வரும் வண்டியில் ஏறி மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார். வாயால் சொன்னால் மட்டும் யாரும் நம்ப மாட்டார்கள். பயிற்சியில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேப்டனான நீங்களே "எனக்கு இன்றைக்குப் போதும்" என்று சொல்லி வண்டியில் ஏறுங்கள். நீங்கள் ஏறியதைப் பார்த்தவர்களுக்குத் தங்களுக்கு முடியாதபோது ஏறக் கூச்சம் இருக்காது.

சரி, இனி உடம்புக்கு வருவோம்.

முட்டி வலி மூன்று பேருக்கும் முன்பக்கம், சில்லுக்குப் பக்கத்தில்தானா என்று கேளுங்கள். என் அனுபவத்தில் பத்தில் எட்டுப் பேருக்குச் சீட் தாழ்வாக இருப்பதுதான் காரணம். கால் தரையில் ஊன்ற வேண்டும் என்று சின்ன வயதில் பழகிய பழக்கம் அது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் நேராக உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் முழுசாக நீண்டு நிற்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியக்கூடாது. அப்புறம் வழக்கம்போல முன்பாதத்தை வைத்தால் முட்டி லேசாக மடிந்திருக்கும். அதுதான் சரியான உயரம். நிற்கும்போது சீட்டிலிருந்து இறங்கித்தான் கால் ஊன்ற வேண்டியிருக்கும், பழகிவிடும். வலி முட்டிக்குப் பின்பக்கம் இருந்தால் இதற்கு நேர்மாறு, சீட் ரொம்ப உயரம் என்று அர்த்தம். ஒரே நாளில் மூன்று அங்குலம் ஏற்றிவிடாதீர்கள். ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டர் ஏற்றி, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்தது.

இரண்டாவது காரணம் கியர். பெரிய கியரில் அழுத்தி அழுத்தி மிதிப்பதைப் பையன்கள் வீரமாக நினைக்கிறார்கள். ஒவ்வொரு மிதிக்கும் அந்தப் பாரத்தை முட்டிதான் தாங்குகிறது. லேசான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்றுக்குக் குறையாமல் சுழற்றப் பழகுங்கள். வலது முட்டி மேலே வருவதை 15 விநாடி எண்ணுங்கள், 20 வந்தால் சரி. கியர் இல்லாத சைக்கிளில் வருபவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும், அதில் ஒரு வெட்கமும் இல்லை. முடிந்தால் அவர்களுக்காகக் கியர் சைக்கிள் இரவல் வாங்கப் பாருங்கள். நம் மாவட்டத்தில் எத்தனையோ வீட்டுத் திண்ணையில் வாங்கின ஆறு மாதத்தில் ஓய்வெடுக்கப் போன சைக்கிள்கள் நிற்கின்றன.

உங்கள் விரல் மரத்துப்போனது சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலுமா? அப்படியானால் உள்ளங்கையின் ஓரமாகப் போகும் நரம்பு ஹேண்டிலில் நசுங்குகிறது. முழங்கையைக் கொஞ்சம் மடித்து வையுங்கள், சில நிமிடத்துக்கு ஒரு தடவை பிடியை மாற்றுங்கள், மெத்தை வைத்த கையுறை போடுங்கள். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரம் முழுக்கக் கையில் இறங்கும். ஓட்டி முடித்து ஒரு நாள் கழித்தும் மரத்தல் போகவில்லை என்றால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு யாராவது மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் எழுதக் கூச்சப்பட்டு விட்டதையும் நானே சொல்லிவிடுகிறேன். உட்காரும் இடத்தில் உரசிப் புண்ணாவது எல்லாருக்கும் நடக்கும். பஞ்சு வைத்த சைக்கிள் நிக்கரை உள்ளாடை இல்லாமல் நேராகப் போட வேண்டும். உள்ளாடையின் தையல்தான் அறுக்கிறது. போடுவதற்கு முன் உரசும் இடத்தில் வாசலின் தடவுங்கள். முடித்ததும் அதே நிக்கரோடு டீக்கடையில் உட்கார்ந்து பேசாமல் உடனே கழற்றிக் குளியுங்கள். பெண்கள் மேலே தளர்வான பேண்ட் போட்டுக்கொள்ளலாம், ஒரு குறையும் வராது.

பயிற்சிக்கு வாரத்தில் நான்கு நாள் போதும். மூன்று நாள் காலையில் முக்கால் மணி நேரம், ஞாயிறு ஒரு நீண்ட ஓட்டம். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகம்தான் வேகம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் நீண்ட ஓட்டம் 40 கிலோமீட்டர். அதை வாரத்துக்கு ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் ஏற்றுங்கள், நான்காவது வாரம் தோறும் இறக்குங்கள். எட்டாவது வாரத்துக்குள் 75 தொட்டுவிடலாம். பத்தாவது வாரம் சனி 70, ஞாயிறு 60 என்று அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். வலித்த உடம்போடு மறுநாள் சீட்டில் ஏறுவது எப்படி என்பதை மதுரை ரோட்டில் முதல் தடவையாகக் கற்றுக்கொள்ளக் கூடாது. பதினோராவது வாரம் ஒரே ஒரு தடவை 110. அதற்கப்புறம் குறைத்துக்கொண்டே வாருங்கள். நடுவில் செமஸ்டர் பரீட்சை வரும், தெரியும். அந்த வாரங்களில் அரை மணி நேரம் ஓட்டினாலே போதும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று அடுத்த ஞாயிறு இரட்டிப்பாக ஓட்டுபவர்கள்தான் நேராக என்னிடம் வருகிறார்கள்.

முதல் நாள் தூரத்தைக் குறைத்து எடைபோடாதீர்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர்கள் புற்றுநோய்க்குப் பணம் திரட்ட ஆஸ்டின் நகரிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வரை 6,400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டும் பயணம் ஒன்று 2004-ல் தொடங்கியது. சுமார் 70 நாள் பயணம். கணக்குப் போட்டால் சராசரி ஒரு நாளைக்கு 90 கிலோமீட்டரை ஒட்டித்தான் வருகிறது. நீங்கள் கோவில்பட்டிக்கு ஒரே நாளில் ஏறக்குறைய 145 போகிறீர்கள். நீண்ட தூரம் ஓட்டுபவர்களின் பிரெவே ஓட்டங்களில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் கொடுப்பார்கள், நிற்கும் நேரமும் சேர்த்து. அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர்தான். அதே கணக்கில் போனால் உங்களுக்குக் கோவில்பட்டி பத்து மணி நேரம். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் மூன்றரை. போட்டி என்று பெயர் இருந்தாலும் உங்களுக்கு அந்த வேகமே போதும், முந்துபவர்களை முந்த விடுங்கள்.

காற்றை மறந்துவிடாதீர்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று உங்களுக்குத் தெரிந்ததுதான், முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுவது அதுதான். ஜனவரியில் நிலைமை தலைகீழ். காற்று வடகிழக்கிலிருந்து வரும், நீங்களும் வடக்கும் வடகிழக்குமாகத்தான் போவீர்கள். நாங்குநேரி தாண்டி மறைப்பே இல்லாத பொட்டலில் அது முகத்தில் அடிக்கும்போது, வேகத்தைப் பிடித்து வைக்க நினைத்தால் கால் தீர்ந்துவிடும். வேகம் கொஞ்சம் ஏறினாலே காற்றின் தடை அதைவிட அதிகமாக ஏறும். ஒருவர் பின் ஒருவராக வரிசையில் போங்கள், சில நிமிடத்துக்கு ஒரு தடவை முன்னால் போகிறவர் மாறட்டும். முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்தைத் தொடாதபடி ஒரு சைக்கிள் நீள இடைவெளி விடுங்கள். குழி வந்தால் முதல் ஆள் கையைக் காட்டிக் கத்த வேண்டும், கடைசி ஆள்வரை அது போக வேண்டும். இதையெல்லாம் ராஜாக்கமங்கலம், முட்டம் பக்கம் கடற்கரை ரோட்டில் விடியற்காலையில் பழகுங்கள். தக்கலை, மார்த்தாண்டம் வழி பெரிய ரோடு குறுகல், பஸ்ஸும் லாரியும் நெருக்கும். பயிற்சிக்கு அது வேண்டாம். ஏற்றம் வேண்டுமென்றால் குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் போகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரப்பர் தோட்டத்து ரோடுகளில் ஈர இலை சோப்பு மாதிரி வழுக்கும். இறக்கத்தில் பிரேக்கை முன்கூட்டியே, மெதுவாகப் பிடியுங்கள். இடி இடித்தால் அன்றைக்கு வேண்டாம்.

உங்கள் சீனியர் சொன்னதைக் கேட்காதீர்கள். வெறும் வயிற்றில் 60 கிலோமீட்டர் ஓட்டினால் தாங்கும் சக்தி வராது, பாதி வழியில் கை நடுங்கிக் கண் இருட்டும். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு இட்லியோ புட்டும் பழமுமோ சாப்பிடுங்கள். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நம் ஊரில் அதற்கு விலை உயர்ந்த பாக்கெட் எதுவும் தேவையில்லை. அவித்த ஏத்தன்பழம் ஒன்று ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்டப் போதும். மட்டிப்பழம் சின்னது, இரண்டு மூன்று வேண்டும். கோவில்பட்டிக்கே போகிறீர்கள், மறுநாளுக்கான கடலைமிட்டாயை அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். பழம்பொரி, புரோட்டா, கறி எல்லாம் ஓட்டம் முடிந்த பிறகு. எதைச் சாப்பிட்டாலும் பயிற்சியில் சாப்பிட்டுப் பார்த்ததாக இருக்கட்டும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர்வரை, மடக்கு மடக்காக. வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் ஊற்றிக்கொள்வதும் தப்பு, ரத்தத்தில் உப்பு குறைந்து வாந்தியும் மயக்கமும் வரும். ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும், பாதியைப் போட்டு மீதியை மடித்து வைக்கக்கூடாது. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரும் நல்லது.

இங்கே உங்கள் நான்கு பெண்களுக்கும் ஒரு வார்த்தை. கல்லூரி நாட்களில் நான் நீண்ட தூரம் ஓட்டியபோது, வழியில் கழிப்பறை இருக்காது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன். அதற்கு ஒரு மாதச் சிறுநீர்த் தொற்று கிடைத்தது. இன்றைக்கும் என்னிடம் வரும் பெண் பிள்ளைகள் பலர் இதையே செய்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. அதனால் போட்டிக்கு முன் ஒருநாள் யாராவது வண்டியில் போய், 25 கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பெட்ரோல் பங்க், ஓட்டல் கழிப்பறைகளைப் பார்த்து, எது திறந்திருக்கும், எது சுத்தம் என்று குறித்துவாருங்கள். மொத்த அணியும் அங்கேதான் நிற்க வேண்டும். பெண்களுக்காக நிற்கிறோம் என்ற பேச்சே வரக்கூடாது. மாதவிடாய் நாளாக இருந்தாலும் ஓட்டலாம், உடம்பு இடம் கொடுத்தால். கொடுக்காவிட்டால் மேலே சொன்ன விதி இருக்கிறது.

ஆஸ்துமா உள்ள தம்பி அதனால் மட்டும் விலக வேண்டியதில்லை. ஆனால் அவர் மருத்துவரை இந்த மாதமே பார்த்து, தூரத்தையும் நாளையும் சொல்லிச் சம்மதம் வாங்கட்டும். நான் பிசியோ, அந்த முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். மூச்சிரைப்புக்கு அடிக்கும் இன்ஹேலர் அந்தத் தம்பியின் சட்டைப் பையில் இருக்க வேண்டும், பின்னால் வரும் வண்டியில் அல்ல. அது எங்கே இருக்கிறது என்பது மற்ற பத்துப் பேருக்கும் தெரிய வேண்டும். முதல் பத்து நிமிடம் அவரோடு எல்லாரும் மெதுவாகவே ஓட்டுங்கள். அணியில் வேறு யாருக்காவது விளையாடும்போது மயக்கம் வந்திருந்தால், நெஞ்சு வலித்திருந்தால், வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், இதய மருத்துவரைப் பார்க்காமல் ஓட்ட விடாதீர்கள்.

நான்குவழிச் சாலையில் இடது ஓரமாகவே போக வேண்டும், குறுக்கு வழி என்று எதிர்த்திசையில் ஒரு அடிகூட வேண்டாம். அந்த ஓரத்தில்தான் லாரி டயர் கம்பித் துணுக்குகள் கிடக்கும், ஆளுக்கு இரண்டு டியூப் வேண்டும். டியூப் மாற்றத் தெரியாத ஒருவர்கூட அணியில் இருக்கக்கூடாது. ஹெல்மெட் இல்லாதவர் பயிற்சிக்கும் வரவேண்டாம். வலி மாத்திரை யார் பையிலும் இருக்கக்கூடாது, இதைச் சோதித்தே பாருங்கள். யாராவது தடுமாறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், முதலில் நிழலும் தண்ணீரும் ஐஸும், கையோடு 108. வண்டி வந்த பிறகு குளிர வைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

இந்த ஞாயிறு நீண்ட ஓட்டம் வேண்டாம் மக்களே. எல்லாரும் ஓரிடத்தில் கூடிச் சீட் உயரத்தைச் சரிசெய்யுங்கள், 11 சைக்கிளுக்கும் அரை நாள் ஆகும். முட்டி வலிக்கிற மூன்று பேருக்கும் பத்து நாளில் குறையவில்லை என்றால் ஒரு பிசியோவிடம் அழைத்துப் போங்கள். போகும்போது சைக்கிளையும் கொண்டுபோகச் சொல்லுங்கள், ஏறி மிதிப்பதைப் பார்த்தால்தான் எங்களுக்குப் பாதி விஷயம் தெரியும்.